ஈஸ்டைப் பட்டினி போடுவது எப்படி: பாலிஅமீன் சோதனைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு

காலாப்பட்டிலோ சிதம்பரத்திலோ எம்.எஸ்சி. ப்ராஜெக்ட் எடுக்கும் பிள்ளைகளில் யாராவது ஒருவருக்கு வருஷா வருஷம் இந்தத் தலைப்பு வந்து சேரும்: "ஈஸ்ட் வளர்ச்சியில் பாலிஅமீன்களின் விளைவு." கேட்க எளிது. (பாலிஅமீன் என்பது செல்லுக்குள் இருக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட அமீன் கொண்ட சின்ன மூலக்கூறு.) புதுச்சேரி நேரு வீதிப் பக்கம் கேக் சாமான் விற்கும் கடையில் ட்ரை ஈஸ்ட் பாக்கெட் வாங்கி, ஒய்பிடி மீடியாவில் (ஈஸ்டுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சத்துக் கரைசல்) வளர்த்து, ஒரு பிளாஸ்க்கில் புட்ரெசின் என்ற பாலிஅமீனைப் போட்டு, இன்னொன்றைச் சும்மா விட்டு, ஸ்பெக்ட்ரோவில் ஓடி (ஆப்டிகல் டென்சிட்டி, அதாவது கல்சர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்ற எண்) பார்த்தால் இரண்டு கோடும் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கொள்ளும். அதோடு "விளைவு எதுவும் இல்லை" என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம்.

விளைவு இருக்கிறது, அதுவும் உயிர் போகிற அளவுக்கு. ஆனால் பாலிஅமீனைக் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தால் அது தெரியாது, இல்லாமல் ஆக்கினால்தான் தெரியும். நல்ல ஈஸ்ட் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. நீங்கள் ஊற்றும் ஒய்பிடியில் இருக்கும் ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், பெயரே சொல்கிற மாதிரி, செத்த ஈஸ்டின் சாறு, அதில் பாலிஅமீன் ஏற்கெனவே இருக்கிறது. போதாக்குறைக்கு, வெளியிலிருந்து நிறைய வந்தால் செல் தன் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே இந்த வேலையின் முக்கால்வாசி, ஈஸ்டை ஒழுங்காகப் பட்டினி போடுவதுதான். அதை எப்படிச் செய்வது என்று கீழே சொல்கிறேன். பெரிய கருவி எதுவும் வேண்டாம், ஒரு சாதாரணக் கல்லூரி லேபில் இருப்பது பெரும்பாலும் போதும்.

முதலில் பாதையைப் புரிந்துகொள்ளுங்கள்

ஈஸ்டில் முக்கியமான பாலிஅமீன் மூன்று. புட்ரெசினில் இரண்டு அமீன், ஸ்பெர்மிடினில் மூன்று, ஸ்பெர்மினில் நான்கு. செல்லுக்குள் இவை எல்லாம் நேர்மின் ஏற்றத்தோடு இருக்கும், அதனால் எதிர்மின் உள்ள ஆர்என்ஏ, டிஎன்ஏ மேல் போய் ஒட்டிக்கொள்ளும். புட்ரெசினை 1885இல் ஜெர்மானிய மருத்துவர் லுட்விக் பிரீகர் அழுகிய சதையிலிருந்து பிரித்தார். கடலூர் முதுநகரில் மீன் இறங்கும் இடத்தில், விற்காமல் வெயிலில் கிடந்த மீனிலும் அது சேரும். ஸ்பெர்மினின் கதை இன்னும் பழையது, 1678லேயே லீவன்ஹூக் விந்தில் அதன் படிகங்களைப் பார்த்துக் குறித்திருக்கிறார். அது என்ன பொருள், அதன் கட்டமைப்பு என்ன என்று தெரிய 1920கள் வரை ஆனது.

ஈஸ்டில் பாதை இப்படிப் போகிறது. ஆர்ஜினினிலிருந்து ஆர்னித்தின் வரும். ஆர்னித்தினிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்கிப் புட்ரெசின் ஆக்கும் நொதி ஆர்னித்தின் டீகார்பாக்சிலேஸ், அதற்கான ஜீன் ஸ்பீ1. இன்னொரு பக்கம் மெத்தியோனினிலிருந்து எஸ்-அடினோசில் மெத்தியோனின் வருகிறது, சுருக்கமாக சாம் என்பார்கள். அந்த சாமிலிருந்து கார்பன் டை ஆக்சைடை நீக்குவது ஸ்பீ2. இந்த டீகார்பாக்சிலேட்டட் சாமிலிருந்து ஒரு அமினோபுரோபைல் துண்டை எடுத்துப் புட்ரெசினோடு சேர்ப்பது ஸ்பீ3, கிடைப்பது ஸ்பெர்மிடின். இன்னொரு துண்டைச் சேர்ப்பது ஸ்பீ4, கிடைப்பது ஸ்பெர்மின். செடிகளிலும் பல பாக்டீரியாக்களிலும் ஆர்ஜினினிலிருந்து நேராகவே புட்ரெசினுக்குப் போக இன்னொரு வழி உண்டு, ஈஸ்டில் அது கிடையாது. அதனால்தான் ஸ்பீ1 ஒன்றை எடுத்துவிட்டாலே கதவு முழுசாகச் சாத்திக்கொள்கிறது.

திரும்பி வரும் வழி ஒன்றும் இருக்கிறது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எஃப்எம்எஸ்1 என்ற ஆக்சிடேஸ் ஸ்பெர்மினை வெட்டி மறுபடி ஸ்பெர்மிடின் ஆக்கும். வெட்டும்போது விழும் துண்டு பீட்டா-அலனின் ஆகி, பாந்தோத்தெனிக் அமிலத்துக்குப் போகிறது, அங்கிருந்து கோஎன்சைம் ஏ. அதாவது ஈஸ்ட் தன் வைட்டமின் ஒன்றைச் செய்ய ஸ்பெர்மினை நம்பியிருக்கிறது. உங்கள் முடிவுகளைப் படிக்கும்போது இந்த விவரம் கை கொடுக்கும்.

ஸ்ட்ரெயின்

பேக்கரி ஈஸ்ட் இதற்கு ஆகாது. கள்ளில் இருந்து நீங்களே பிரித்தெடுத்த ஈஸ்டும் ஆகாது. (புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு, அதனால் இந்த ஆசை யாருக்காவது வந்தே தீரும். அது தனி ப்ராஜெக்ட், நல்ல ப்ராஜெக்ட்டும்கூட.) இரண்டிலும் மேலே சொன்ன ஜீன்கள் முழுசாக இருக்கும், பட்டினி போட வழியில்லை.

உங்களுக்கு வேண்டியது ஒரு ஜோடி: பெற்றோர் ஸ்ட்ரெயினும், அதிலிருந்து ஒரே ஒரு ஜீனை மட்டும் நீக்கிய ம்யூட்டன்ட்டும். உலகம் முழுக்கப் புழங்கும் ஈஸ்ட் டிலீஷன் தொகுப்பில் பெற்றோர் பிஒய்4741, அதில் ஒவ்வொரு ஜீனையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஜி418 மருந்தைத் தாங்கும் கான்எம்எக்ஸ் துண்டை வைத்திருப்பார்கள். ஜெர்மனியிலுள்ள யூரோஸ்கார்ஃப் இதை விற்கிறது. ஆனால் வெளிநாட்டுப் பார்சல், அனுமதி, பணம் எல்லாம் ஒரு செமஸ்டரைத் தின்றுவிடும். நம் ஊரில் ஈஸ்ட் மரபியல் செய்கிற லேப்கள் பலவற்றில் அந்தத் தொகுப்பு ஏற்கெனவே ஃப்ரீசரில் கிடக்கிறது, உங்கள் கைடு ஒரு மெயில் அனுப்பினால் ஒரு ஸ்லான்ட் (சாய்வான அகரில் ஈஸ்ட் வளர்ந்த ட்யூப்) வந்துவிடும். கேட்க வெட்கப்படாதீர்கள், இந்தத் துறையில் ஸ்ட்ரெயின் கேட்டு வாங்குவது வழக்கம்தான்.

எந்த ஜீனை நீக்கியதைக் கேட்பது? ஒன்றுதான் கிடைக்கும் என்றால் ஸ்பீ1. இரண்டு கிடைக்கும் என்றால் ஸ்பீ1, ஸ்பீ2 இரண்டையும் வாங்குங்கள், அப்போதுதான் கதை சூடு பிடிக்கும்.

வந்ததும் முதல் வேலை, ஒய்பிடி அகரில் ஜி418 லிட்டருக்கு 200 மில்லிகிராம் சேர்த்து அதில் கோடு இழுத்து, தனித்தனிக் காலனி எடுங்கள். பெற்றோர் அதில் வளரக் கூடாது, ம்யூட்டன்ட் வளர வேண்டும். ஜி418ஐ அம்மோனியம் சல்ஃபேட் இருக்கும் செயற்கை மீடியாவில் போட்டால் சரியாக வேலை செய்யாது, பெற்றோரும் வளர்ந்து குழப்பும். அந்த மீடியாவில் கட்டாயம் போட வேண்டுமென்றால் நைட்ரஜனுக்கு மோனோசோடியம் குளுட்டமேட் பயன்படுத்துவார்கள். இந்தச் சோதனைக்கு அது தேவையில்லை, ஒய்பிடியில் ஒருமுறை பார்த்தால் போதும்.

பிறகு உடனே கிளிசரால் ஸ்டாக், அதாவது உறைய வைத்துச் சேமிக்கும் இருப்பு. 15 முதல் 25 சதவீதம் கிளிசராலில், மைனஸ் 80இல். நம் கரையில் இருப்பவர்களுக்கு இது சம்பிரதாயம் இல்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது, 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே. இரண்டிலும் கரண்ட் போன கதை எல்லோருக்கும் தெரியும். ஐப்பசி வருமுன் ஒரு செட் ஸ்டாக்கை வேறு கட்டிடத்து ஃப்ரீசரில், ஜெனரேட்டர் இணைப்பு உள்ளதில், கொடுத்து வைத்துவிடுங்கள்.

மீடியா

இங்கேதான் பெரும்பாலான சோதனைகள் கெடுகின்றன. வளர்க்க, பராமரிக்க ஒய்பிடி சரி: ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 1 சதவீதம், பெப்டோன் 2, குளுக்கோஸ் 2. பட்டினிச் சோதனைக்கு அதன் வாடையே ஆகாது. அதற்கு வேண்டியது செயற்கை மீடியா. ஒய்என்பி என்று விற்கும் ஈஸ்ட் நைட்ரஜன் பேஸ், அமினோ அமிலம் இல்லாதது, அம்மோனியம் சல்ஃபேட் உள்ளது, லிட்டருக்கு 6.7 கிராம். அதோடு குளுக்கோஸ் 20 கிராம். குளுக்கோஸைத் தனியாக ஆட்டோக்ளேவ் செய்து பிறகு சேருங்கள், சேர்த்து வேகவைத்தால் பழுப்பாகிவிடும்.

பிஒய்4741க்கு நான்கு சாமான் வெளியிலிருந்து வேண்டும்: ஹிஸ்டிடின், லூசின், மெத்தியோனின், யுராசில். ஹிஸ்டிடின், மெத்தியோனின், யுராசில் லிட்டருக்கு 20 மில்லிகிராம், லூசின் 100 வரை. நான்கையும் தூய பொடியாக வாங்கித் தனித்தனியாகப் போடுங்கள். வேலை மிச்சம் என்று காசமினோ அமிலமோ பெப்டோனோ ஒரு சிட்டிகை சேர்த்தால் கதை முடிந்தது. இயற்கைப் பொருளிலிருந்து எடுத்த எந்தப் பொடியும் கூடவே என்ன கொண்டுவரும் என்று சொல்ல முடியாது. எவ்வளவு குறைந்த ஸ்பெர்மிடின் போதும் என்பதைக் கீழே படிக்கும்போது ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறேன் என்று புரியும். இதே காரணத்துக்காக முடிவுகளைத் திரவ கல்சரில் எடுங்கள். அகரும் கடல்பாசியிலிருந்து வந்த இயற்கைப் பொருள்தான், பிளேட்டைப் படத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஒய்என்பியில் பாந்தோத்தெனேட் ஏற்கெனவே இருக்கிறது. அதனால் ஸ்பெர்மின் இல்லாததால் வரும் வைட்டமின் தட்டுப்பாடு உங்கள் கணக்கில் குறுக்கே வராது. பாந்தோத்தெனேட் இல்லாத ஒய்என்பியும் விற்கிறார்கள், ஆர்டர் போடும்போது லேபிளைப் பாருங்கள்.

பாலிஅமீன் ஸ்டாக்

உப்பு வடிவத்தில் வாங்குங்கள்: புட்ரெசின் டைஹைட்ரோகுளோரைடு, ஸ்பெர்மிடின் டிரைஹைட்ரோகுளோரைடு, ஸ்பெர்மின் டெட்ராஹைட்ரோகுளோரைடு. உப்பு இல்லாத தூய ஸ்பெர்மிடின் காரத்தன்மை உள்ளது, காற்றில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும், புதியவர் கைக்கு ஏற்றதல்ல. உப்பும் ஈரத்தை இழுக்கும். கார்த்திகை மாத மழையில், ஏசி ஓடாத அறையில், பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு ஃபோன் பேசினால் எடைபோடும்போதே பொடி பிசுபிசுத்துப் போகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த பாட்டிலை அறை வெப்பத்துக்கு வந்த பிறகுதான் திறக்க வேண்டும். திறந்தால் உடனே எடை, உடனே மூடி. வாங்கிய அன்றே முழு பாட்டிலையும் கரைத்துச் சின்னச் சின்ன ட்யூப்களில் பிரித்து மைனஸ் 20இல் வைத்துவிடுவது எனக்குப் பிடித்த வழி.

10 மில்லிமோலார் ஸ்டாக் வசதியானது. ஸ்பெர்மிடின் உப்பின் மூலக்கூறு எடை 254.6, ஆக 10 மில்லி தண்ணீரில் 25.5 மில்லிகிராம். புட்ரெசின் உப்புக்கு 161.1, ஆக 16.1 மில்லிகிராம். ஸ்பெர்மின் உப்புக்கு 348.2, ஆக 34.8 மில்லிகிராம். 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள், ஆட்டோக்ளேவ் வேண்டாம். 10 மில்லி கல்சரில் இந்த ஸ்டாக் 10 மைக்ரோலிட்டர் போட்டால் 10 மைக்ரோமோலார் ஆகிறது, வளர்ச்சியை மீட்க இது தாராளம். மில்லிமோலார் அளவுக்குப் போகாதீர்கள், அங்கே ஸ்பெர்மின் நஞ்சாகத் தொடங்கும், ஈஸ்ட் அதை வெளியே தள்ளுவதற்கென்றே டிபிஓ1 போன்ற பம்புகளை வைத்திருக்கிறது.

பட்டினி போடும் நாட்கள்

ம்யூட்டன்ட்டை ஒய்பிடியிலிருந்து எடுத்து நேராகச் செயற்கை மீடியாவில் போட்டால் அது பாட்டுக்கு நன்றாக வளரும், நீங்கள் பயந்துபோவீர்கள். ரேஷன் கடையை மூடினால் அன்றைக்கே எந்த வீட்டிலும் உலை நின்றுவிடுவதில்லை, பானையில் இருக்கிற அரிசி தீர வேண்டும். ஈஸ்டுக்கும் உள்ளே இருப்பு உண்டு. புதிதாகச் செய்ய முடியாவிட்டாலும், அந்த இருப்பு ஒவ்வொரு முறை செல் இரண்டாகும்போதும் பாதி பாதியாகப் பிரிந்துதான் குறையும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒய்பிடியில் இரவு முழுக்க வளர்ந்த கல்சரில் 1 மில்லி எடுத்து, சென்ட்ரிஃப்யூஜில் 3000 ஜி, ஐந்து நிமிடம். மேலே உள்ளதைக் கொட்டிவிட்டு ஸ்டெரைல் தண்ணீரில் கலக்கி மறுபடி சுற்றுங்கள். மூன்று முறை கழுவ வேண்டும், கடைசி முறை புது ட்யூபுக்கு மாற்றிவிடுங்கள், பழைய ட்யூபின் சுவரில் ஒய்பிடி ஒட்டியிருக்கும். பிறகு பாலிஅமீன் இல்லாத மீடியாவில் ஓடி 0.01 இருக்கும்படி போட்டு 30 டிகிரியில் ஷேக்கரில் வையுங்கள்.

0.01இலிருந்து 1.28க்கு வந்தால் ஏழு முறை இரட்டித்திருக்கிறது. உள்ளே இருந்த இருப்பு 128இல் ஒரு பங்காகிவிட்டது, அதாவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. இன்னும் வளர்ச்சி நிற்கவில்லையே என்று தோன்றும். தோன்றட்டும். மறுபடி 0.01க்கு நீர்க்கச் செய்து இரண்டாம் சுற்று விடுங்கள். வேகம் மெல்ல மெல்லக் குறைவது இங்கே தெரிய ஆரம்பிக்கும், தேவைப்பட்டால் மூன்றாம் சுற்று. படிப்படியாகத்தான் குறையும், சுவிட்ச் போட்ட மாதிரி நிற்காது. வேகம் தெளிவாகக் குறைந்த அந்தக் கல்சர்தான் உங்கள் உண்மையான சோதனைக்கான விதை. பெற்றோர் ஸ்ட்ரெயினையும் இதே கழுவல், இதே சுற்று, ஒன்றுவிடாமல் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிடவே முடியாது.

வெப்பநிலை பற்றி ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசியில் நம் பக்கம் அறையே 34, 35 டிகிரி இருக்கும். சூடாக்க மட்டும் தெரிந்த பழைய இன்குபேட்டரில் 30 என்று திருகி வைத்தால் டிஸ்ப்ளே 30 காட்டலாம், உள்ளே தெர்மாமீட்டர் வைத்தால் உண்மை தெரியும். குளிரூட்டும் வசதியுள்ள பிஓடி இன்குபேட்டர் வேண்டும், ஷேக்கருக்கும் அதேதான். பாலிஅமீன் இல்லாத ஈஸ்ட் அதிக வெப்பத்தைத் தாங்காது என்பதும் தெரிந்த விஷயம், ஆகவே வெப்பம் ஏறினால் நீங்கள் அளப்பது பட்டினியையா சூட்டையா என்று பிரிக்க முடியாது.

உண்மையான சோதனை

பட்டினி கிடந்த கல்சரை நான்கு பிளாஸ்க்காகப் பிரியுங்கள்: எதுவும் சேர்க்காதது, புட்ரெசின், ஸ்பெர்மிடின், ஸ்பெர்மின். ஒவ்வொன்றும் 10 மைக்ரோமோலார், ஒவ்வொன்றும் மூன்று நகல். பெற்றோருக்கும் அதே. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை 600 நானோமீட்டரில் ஓடி அளக்க வேண்டும். 0.5ஐத் தாண்டினால் நீர்க்கச் செய்து அளக்க வேண்டும், அதற்கு மேல் எண் நேர்க்கோட்டில் போகாது. வளர்ச்சி வேகத்தை ஓடியின் லாக் வரைபடத்தில் நேராகப் போகும் பகுதியிலிருந்து எடுங்கள், கடைசியில் எவ்வளவு உயரம் வந்தது என்பதிலிருந்து எடுக்காதீர்கள். செயற்கை மீடியாவில் பெற்றோர் இரட்டிக்க இரண்டு மணி நேரமோ கொஞ்சம் கூடவோ ஆகும், ஒய்பிடியில் ஒன்றரை.

ஸ்பீ1 இல்லாததில் மூன்றுமே வளர்ச்சியை மீட்கும். அடைபட்டது முதல் படி மட்டும்தான், புட்ரெசின் கொடுத்தால் ஸ்பீ2, ஸ்பீ3 மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். ஸ்பீ2 இல்லாததில் புட்ரெசின் எவ்வளவு ஊற்றினாலும் பலன் இல்லை. அந்த ம்யூட்டன்ட்டில் புட்ரெசின் ஏற்கெனவே குவிந்து கிடக்கிறது, சேர்ப்பதற்கான அமினோபுரோபைல் துண்டுதான் இல்லை. ஸ்பெர்மிடின் மீட்கும். ஸ்பெர்மினும் மீட்கும், ஆனால் தன் பலத்தால் இல்லை, எஃப்எம்எஸ்1 அதை வெட்டி ஸ்பெர்மிடின் ஆக்குவதால். 2003இல் அமெரிக்காவில் சட்டோபாத்யாய், டேபர் தம்பதியர் குழு ஸ்பீ2வையும் எஃப்எம்எஸ்1ஐயும் சேர்த்தே நீக்கிப் பார்த்தார்கள், அப்போது ஸ்பெர்மின் உதவவில்லை. ஸ்பீ4 இல்லாதது ஸ்பெர்மினே இல்லாமல் சாதாரணமாக வளரும். இந்த நான்கையும் ஒரே படத்தில் போட்டால் பரீட்சகர் கேட்கப்போகும் கேள்விக்கெல்லாம் விடை அதிலேயே இருக்கும்: வளர்ச்சிக்கு விட முடியாதது ஸ்பெர்மிடின், மற்ற இரண்டும் அதற்குப் போகிற வழி, அல்லது அதிலிருந்து போகிற வழி.

ஓடியை மட்டும் நம்பாதீர்கள். பாலிஅமீன் தீர்ந்த செல்கள் நன்றாகப் பருத்துவிடும், மொட்டு விடுவது குறைந்துவிடும். பருத்த செல் ஒளியை வேறு மாதிரி சிதறடிக்கும், ஆகவே ஓடி ஏறிக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை ஏறாமல் இருக்கலாம். கூடவே ஹீமோசைட்டோமீட்டரில் எண்ணுங்கள், மொட்டு உள்ளது இல்லாதது என்று இரண்டாகப் பிரித்து. மைக்ரோஸ்கோப்பில் பெற்றோரையும் பட்டினி ம்யூட்டன்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் படம் எடுத்து வையுங்கள். ஃப்ளோரசன்ஸ் மைக்ரோஸ்கோப் உள்ள டிபார்ட்மென்ட் என்றால் கால்கோஃப்ளூர் சாயம் போட்டு செல் சுவரிலுள்ள கைட்டினைப் பாருங்கள். பெற்றோரில் மொட்டுக் கழுத்தில் வளையமாக ஒளிரும், பட்டினி செல்லில் அந்த ஒழுங்கு இருக்காது. பாலசுந்தரமும் டேபர் தம்பதியரும் 1991இல் வெளியிட்ட கட்டுரையில் இது விவரமாக இருக்கிறது.

அதே கட்டுரையில்தான் காற்று விஷயமும் வருகிறது. மேலே சொன்ன முழுத் தேவையும், அந்த உருக்குலைவும், ஆக்சிஜன் இருக்கும்போதுதான். காற்றில்லாமல் வளர்த்தால் இரண்டும் தெரிவதில்லை. இதன் நடைமுறை அர்த்தம், 100 மில்லி பிளாஸ்க்கில் 80 மில்லி மீடியாவை நிரப்பி, ஷேக்கரும் போடாமல் மூலையில் வைத்தால் உங்கள் சோதனை தோற்கும், ஏன் தோற்றது என்றும் தெரியாது. பிளாஸ்க்கின் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் மீடியா வேண்டாம், நிமிடத்துக்கு 180 முதல் 200 சுற்று, பஞ்சு அடைப்பு. கரண்ட் போய் ஷேக்கர் நின்றால் அந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், அந்த இடத்தில் கோடு வளைந்தால் காரணம் சொல்ல முடியும்.

ஏன் இவ்வளவு கொஞ்சம் போதும்

ஸ்பெர்மிடினின் அளவைக் குறைத்துக்கொண்டே போய்ப் பார்ப்பது இந்த ப்ராஜெக்ட்டின் அழகான பகுதி, நேரம் இருந்தால் விடாதீர்கள். 10 மில்லிமோலார் ஸ்டாக்கை ஆயிரம் மடங்கு நீர்க்கச் செய்து, அதில் 10 மைக்ரோலிட்டரை 10 மில்லி கல்சரில் போட்டால் 10 நானோமோலார். அந்த அளவிலும் பட்டினி ம்யூட்டன்ட் வளரும். ஆர்என்ஏ மேல் ஒட்டி மின்னேற்றத்தைச் சமன் செய்வதுதான் ஸ்பெர்மிடினின் ஒரே வேலை என்றால் இவ்வளவு குறைந்த அளவு எதற்கும் காணாது.

விடை ஒரே ஒரு புரதத்தில் இருக்கிறது. ரைபோசோம் புரதம் கோக்கும்போது உதவிக்கு வரும் இஐஎஃப்5ஏ என்ற காரணியில், ஈஸ்டில் 51வது இடத்தில் உள்ள லைசின் மேல், ஸ்பெர்மிடினின் நான்கு கார்பன் துண்டை எடுத்து ஒட்டுகிறது ஒரு நொதி, இன்னொரு நொதி அதில் ஒரு ஹைட்ராக்சில் சேர்க்கிறது. அப்படி மாறிய லைசினுக்கு ஹைப்யூசின் என்று பெயர். இந்த மாற்றம் நடக்காத இஐஎஃப்5ஏ வேலைக்கு ஆகாது, ஈஸ்ட் சாகும். வரிசையாகப் புரோலின் வரும் இடங்களில் ரைபோசோம் திக்கி நிற்கும், அதைத் தள்ளிவிடுவது இந்தக் காரணி என்று 2013இல் ஈஸ்டிலேயே காட்டினார்கள். ஸ்பெர்மிடின் மிகக் குறைவாகக் கிடைக்கும்போது செல் அதைப் பெரும்பாலும் இந்த ஒரு வேலைக்கே செலவிடுகிறது, மற்ற வேலைகள் காத்திருக்கும்.

நல்ல ஈஸ்டில் கூடுதலாக ஊற்றினால் ஏன் ஒன்றும் ஆவதில்லை என்பதும் இப்போது சொல்லிவிடலாம். பாலிஅமீன் நிறைந்திருக்கும்போது ஆன்டிசைம் என்ற புரதம் உருவாகும். அதன் எம்ஆர்என்ஏவில் நடுவில் ஒரு நிறுத்தக் குறி இருக்கிறது, பாலிஅமீன் அதிகமானால் ரைபோசோம் அங்கே ஒரு எழுத்தைத் தாண்டிச் சட்டகம் மாறி மேலே படித்துக்கொண்டு போகும். அப்படிப் பிறக்கும் ஆன்டிசைம், ஆர்னித்தின் டீகார்பாக்சிலேஸைப் பிடித்துக்கொண்டுபோய், புரதங்களை நறுக்கும் புரோட்டியசோமிடம் கொடுக்கும், அதற்கு வழக்கமாக வேண்டிய யூபிக்விட்டின் முத்திரைகூட இல்லாமல். ஈஸ்டில் இந்த ஆன்டிசைமைக் கண்டுபிடித்து 2004இல் எழுதிய கட்டுரையின் முதல் பெயர் பழனிமுருகன். நம்ம பக்கத்துப் பெயர் ஒன்றை இந்தத் துறையின் அடிப்படைக் கட்டுரையில் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம், அவ்வளவுதான்.

"ஸ்பெர்மிடின் ஆயுளை நீட்டும்" என்று இணையத்தில் ஓடுகிற பேச்சையும் கைடு கேட்பார். 2009இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸில் நடந்த வேலை அதன் தொடக்கங்களில் ஒன்று. வயதாகிக்கொண்டிருக்கும் ஈஸ்ட் கல்சரில் ஸ்பெர்மிடின் சேர்த்தால் ஆட்டோஃபேஜி (செல் தன் பழைய பாகங்களைத் தானே தின்று தீர்ப்பது) தூண்டப்பட்டு செல்கள் நீண்ட நாள் உயிரோடு இருந்தன. அது வளர்ச்சி நின்ற செல்கள் எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வி. நீங்கள் பார்ப்பது வளர்கிற செல் எவ்வளவு வேகமாக இரட்டிக்கிறது என்ற கேள்வி. இரண்டையும் ஒரே பத்தியில் கலக்காதீர்கள்.

உள்ளே உண்மையிலேயே தீர்ந்துவிட்டதா

இதைக் காட்டாவிட்டால் உங்கள் பட்டினி வெறும் நம்பிக்கைதான். கலவையைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சி கருவி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் பாலிஅமீனை ஒளிரச் செய்யும் டான்சில் குளோரைடும், அதைப் பிரித்துக் காட்டும் சிலிகா டிஎல்சி பிளேட்டும் போதும். செல்லைக் கழுவி, எண்ணி, 10 சதவீதம் டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் பனிக்கட்டி மேல் வைத்துப் பிரித்தெடுங்கள். பழைய முறைகளில் பெர்குளோரிக் அமிலம் சொல்லியிருப்பார்கள், அதற்கென்று தனி ஃப்யூம் ஹுட் இல்லாத லேபில் அதைத் தொட வேண்டாம். சாற்றில் நிறைவுற்ற சோடியம் கார்பனேட் சேர்த்துக் காரமாக்கி, அசிட்டோனில் கரைத்த டான்சில் குளோரைடு சேர்த்து, இருட்டில் இரவு முழுக்க விடுங்கள். மிஞ்சிய டான்சிலைப் புரோலின் போட்டுத் தீர்த்துவிட்டு, டொலுயீனில் பிரித்தெடுத்து பிளேட்டில் புள்ளி வையுங்கள். பிளேட்டை ஓட்டும் கரைப்பான் சைக்ளோஹெக்சேன், எத்தில் அசிட்டேட் 5:4. யுவி விளக்கில் மஞ்சள் பச்சையாக ஒளிரும். கூடவே மூன்று பாலிஅமீனின் ஸ்டாண்டர்டும், சாற்றில் முதலிலேயே தெரிந்த அளவு சேர்த்த ஒரு உள் ஸ்டாண்டர்டும் ஓட வேண்டும். ஈஸ்டில் இயற்கையாக இல்லாத 1,7-டைஅமினோஹெப்டேன் அதற்கு ஏற்றது.

எடுத்துக்கொண்ட செல் எண்ணிக்கை எல்லா மாதிரியிலும் ஒன்றாக இருக்கட்டும். ஓடியை வைத்துச் சமன் செய்தால், பருத்த செல் பிரச்சினை இங்கேயும் வந்து உட்காரும்.

கடைசியாக, பட்டினி போட்ட ம்யூட்டன்ட் மூன்று சுற்றுக்குப் பிறகும் பெற்றோரைப் போலவே வளர்கிறது என்றால், இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் கலப்படம்: ஒரு துளியை ஒய்பிடி ஜி418 பிளேட்டில் போட்டுப் பாருங்கள், ஆனால் வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றும் ஜி418ஐத் தாங்கலாம், மைக்ரோஸ்கோப்பிலும் பார்த்துவிடுங்கள். அப்புறம் மீடியா: அமினோ அமிலப் பொடியையும் ஒய்என்பியையும் வேறு பாட்டிலிலிருந்து எடுத்துப் புதிதாகச் செய்யுங்கள். அதுவும் சரியென்றால் கண்ணாடிச் சாமான். ஒய்பிடி செய்த அதே பிளாஸ்க்கை அரைகுறையாகக் கழுவி எடுத்திருந்தால் 10 நானோமோலார் வர எவ்வளவு நேரம் ஆகும்? இந்தச் சோதனைக்கென்று தனியாகப் பிளாஸ்க் செட் ஒதுக்கி, மார்க்கரில் எழுதி, யாரும் தொடாத அலமாரியில் பூட்டி வையுங்கள். அதற்கும் பிறகும் வளர்ந்தால் ஜீன் உண்மையிலேயே இல்லையா என்று பிசிஆர் போட்டுப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது, பிரைமர் ஆர்டர் போட கைடிடம் போய் நில்லுங்கள்.